எந்தக் கோடு முதலில்?



தரம் ஒன்றில் பிள்ளைகளை விட்டிருக்கிற அம்மாமார் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "எழுத்து வடிவாத்தானே இருக்கு, பிறகேன் ரீச்சர் அழிச்சிட்டுத் திரும்ப எழுதச் சொல்லுறீங்கள்?" பிள்ளை 'அ' எழுதியிருக்கும். ஆனால் வலப்பக்க நேர்கோட்டை முதலில் நட்டுவிட்டு, சுழியைப் பிறகு கொண்டுபோய் அதில் மாட்டியிருக்கும். 'ப' என்றால் மூன்று தடியைத் தனித்தனியாக வைத்து அடுக்கியிருக்கும். கொப்பியைப் பார்த்தால் பிழை தெரியாது. எழுதுகிற கையைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்குத்தான் தெரியும்.

இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த விடயத்துக்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அது நம்முடைய ஓலையையும் மத்ரஸாப் பலகையையும் தொட்டு, சீனம் வரை போகிறது. கோட்டு வரிசையைப் பாடமாகவே வைத்து, அதற்குப் பரீட்சையும் வைக்கிற சமூகம் சீனர்கள். அவர்களிடமிருந்து தொடங்குவோம்.

சீனம் நமக்குத் தூரம் என்று நினைக்கவேண்டாம். கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் நிற்கிறது. 1911இல் காலி நகரில், கிரிப்ஸ் வீதியில், ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். எழுத்துள்ள பக்கம் கீழே இருந்ததால் அதற்கு மேலால் நடந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கல்லின் தலையில் இரண்டு டிராகன்கள். அதன் கீழே ஒரே கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீன மிங் பேரரசர் யொங்லேயின் பெயரால் 1409ஆம் ஆண்டுத் திகதியோடு வெட்டப்பட்டது. கடற்படைத் தலைவர் செங் ஹெ அதை இங்கே கொண்டுவந்தார். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் இருந்த தெனாவரை நாயனாருக்குச் சொல்கிறது. பாரசீகப் பகுதி முஸ்லிம்களுக்கானது. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய், மெழுகுதிரி என்று கொடைப் பட்டியலும் இருக்கிறது.

இதை அன்புக் கதையாக மட்டும் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. அதே கப்பற்படைதான் 1411இல் இங்கே சண்டையிட்டு, அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. ஆனாலும் ஒன்றை மறக்கமுடியாது. இந்தத் தீவில் பேசவேண்டுமென்றால் தமிழில் எழுதவேண்டும் என்று 1409இல் சீனப் பேரரசின் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. 2021 மே மாதம் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்து நூலகத்தில் ஒரு பெயர்ப்பலகை திறந்தார்கள். சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. தமிழ் இல்லை. சத்தம் எழுந்த பிறகு கழற்றினார்கள்.

அந்தக் கல்லின் தமிழை எழுதிக் கொடுத்தது யார்? யொங்லே பேரரசர் 1407இல் நான்ஜிங்கில் மொழிபெயர்ப்பாளர் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் எட்டுப் பிரிவுகளில் பாரசீகம் இருந்தது, தமிழ் இருக்கவில்லை. ஆனால் தமிழ் வணிகர்கள் அதற்கு முன்பே சீனாவில் இருந்தவர்கள். சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சிவன் கோயிலுக்கானது. அதன் கடைசி வரியில் சீன எழுத்துக்கள். ஆகவே எங்கோ ஒரு தமிழ்க் கை, சீனத் தூரிகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறது. அந்தக் கை எங்கே தொடங்கி எங்கே முடித்தது என்பதைக் கல் சொல்லாது. உளி எல்லாக் கோட்டையும் ஒரேமாதிரி ஆக்கிவிடும். எழுத்தின் உருவம் 600 வருடம் மதகின் அடியிலும் தப்பிப் பிழைக்கும். எழுதிய வரிசை, பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்தால் மட்டும்தான் பிழைக்கும்.

இனி அந்த வரிசைக்கு வருவோம்.

சீனத்தில் நம்மைப் போல உயிர், மெய் என்ற கணக்கு இல்லை. ஒரு சொல்லுக்கோ சொல்லின் ஒரு துண்டுக்கோ ஓர் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் கோடுகளால் கட்டியது. மூன்று என்ற எண்ணுக்கு ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கிடைக்கோடு. மேலே இருப்பது முதலில். ஆறு, அதாவது ஓடுகிற ஆறு, மூன்று நிலைக்கோடு. இடப்பக்கத்தது முதலில். பத்து என்பது கூட்டல் குறி போல இருக்கும். கிடைக்கோடு முதலில், நிலைக்கோடு பிறகு. சின்னது என்ற எழுத்தில் நடுக்கோடு முதலில், பிறகு இரண்டு பக்கமும். நடு என்ற எழுத்தில் பெட்டியை முதலில் வரைந்து, அதைக் குத்திக்கொண்டு போகிற கோட்டைக் கடைசியில் போடவேண்டும்.

பெட்டி என்றோமே, அதில்தான் பிறமொழிக்காரர் எல்லாரும் இடறுகிறார்கள். வாய் என்பதற்கான எழுத்து ஒரு சின்னச் சதுரம். நாமென்றால் கையெடுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவோம். சீனப் பிள்ளைக்கு அது மூன்று கோடு: இடப்பக்கம் மேலிருந்து கீழ், பிறகு மேற்கோடும் வலப்பக்கமும் ஒரே வளைவாக, கடைசியில் அடிக்கோடு. நாடு என்ற எழுத்தில் பெட்டிக்குள் இன்னொரு எழுத்து இருக்கும். சுவரை எழுப்பி, உள்ளே உள்ளதை எழுதி, அதற்குப் பிறகுதான் அடிக்கோடு. ஆட்கள் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்து என்று அங்குள்ள ஆசிரியர்கள் சொல்லிக் கொடுப்பார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த கற்பித்தல் உத்தி இது. விதியையும் காரணத்தையும் பிள்ளை மறக்காத படமாக ஒரே வரியில் ஆக்கிவிட்டார்கள்.

ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர் உண்டு. கிடை 'ஹெங்', நிலை 'ஷு', இடப்பக்கம் சரிவது 'பியெ', வலப்பக்கம் சரிவது 'நா', புள்ளி 'தியென்'. வகுப்பு முழுவதும் விரலைக் காற்றில் தூக்கி, பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதும். பிறகு சிவப்பு மையில் அச்சிட்ட எழுத்தின் மேல் கறுப்பால் எழுதும். பிறகு கட்டம் போட்ட கொப்பி. அந்தக் கட்டத்துக்குள்ளும் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும், எழுத்து எந்த மூலையில் உட்காரவேண்டும் என்று காட்ட. தூரிகை பழகுகிறவர்கள் 'என்றும்' என்ற பொருளுள்ள ஓரெழுத்தை வருடக்கணக்காக எழுதுவார்கள். எட்டு வகைக் கோடும் அந்த ஓரெழுத்துக்குள் அடங்கியிருக்கிறது. நான்காம் நூற்றாண்டு எழுத்துக்கலைஞர் வாங் ஷிச்சியோடு அந்தப் பயிற்சியை மரபு சேர்த்துச் சொல்கிறது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? முதற் காரணம் தூரிகை. தூரிகையை இழுக்கலாம், தள்ளமுடியாது. தள்ளினால் மயிர் விரிந்து மை சிந்தும். ஆகவே கோடுகள் பெரும்பாலும் கீழே இறங்கும், அல்லது வலப்பக்கம் போகும். (இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்கு இது பாரபட்சம்தான். எங்கள் வகுப்பிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டு. கையை மாற்று என்று நாங்கள் சொல்வதில்லை.)

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்தக் கோடு எதனோடு ஒட்டும்? அடுத்து வருவதோடு. எல்லாரும் ஒரே வரிசையில் எழுதினால் எல்லாருடைய அவசர எழுத்தும் ஏறக்குறைய ஒரே வடிவில் குழையும், முன்பின் தெரியாதவரும் வாசிக்கலாம். ஆளுக்கொரு வரிசை என்றால் ஆளுக்கொரு கிறுக்கல். டொக்டரின் துண்டை மருந்துக்கடைக்காரர் வாசிக்கிற மாயமும் பாதி இதுதான்.

அகராதியும் இதன் மேல்தான் நிற்கிறது. 1716இல் முடிந்த காங்ஷி அகராதி எழுத்துக்களை 214 உறுப்புகளின் கீழ் வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் கோடுகளின் எண்ணிக்கைப்படி அடுக்கியது. வாயை நான்கு கோடாக எண்ணுகிற பிள்ளை அகராதியில் பிழையான பக்கத்தைத் திறக்கும். இப்போது கைத்தொலைபேசியிலும் ஒரு முறை இருக்கிறது: கோட்டு வகைக்கு ஒன்றாக ஐந்து பொத்தான், வரிசைப்படி அழுத்தினால்தான் எழுத்து வரும். ஆனால் பெரும்பாலானவர்கள் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டிப் பட்டியலில் தெரிவுசெய்கிறார்கள். அதனால், பேனையைத் தூக்கினால் எழுத்து மறந்துபோகிறது என்று படித்த சீனர்களே முறைப்படுகிறார்கள். வாசிக்கத் தெரியும், கைக்குத் தெரியாது.

இந்த வரிசை வானத்திலிருந்து இறங்கிய சட்டமும் இல்லை. ஜப்பானியர் அதே எழுத்துக்களைத்தான் எழுதுகிறார்கள். வலது, இடது என்ற இரண்டு எழுத்துக்கும் தலை பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். சீனப் பிள்ளை இரண்டையும் கிடைக்கோட்டில் தொடங்கும். ஜப்பானியப் பிள்ளை இடதைக் கிடைக்கோட்டிலும் வலதைச் சரிவுக்கோட்டிலும் தொடங்கும். ஜப்பானியக் கல்வி அமைச்சு 1958இல் 881 எழுத்துக்களுக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, இது கற்பித்தலை ஒன்றுபடுத்துவதற்காக, வழக்கிலுள்ள மற்ற வரிசைகளைப் பிழையென்று கொள்ளவேண்டாம் என்ற கருத்தையும் சேர்த்தே சொன்னது. சீனா 1997இல் 7000 எழுத்துக்களுக்கு வரிசை நிர்ணயித்தது. யோசித்துப் பாருங்கள், இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் எழுதிவிட்டு, இருபதாம் நூற்றாண்டில்தான் அரசாங்கங்கள் இதைத் தாளில் பட்டியலாகப் போட்டிருக்கின்றன. அதுவரை கையிலிருந்து கைக்குத்தான் போனது.

இப்போது நம்முடைய வளவுக்குள் வருவோம்.

கடதாசிக்கு முன் சீனர்கள் மூங்கில் சிம்பில் எழுதினார்கள். சிம்பு ஒடுக்கம், நீளம். அதனால் எழுத்து மேலிருந்து கீழ் இறங்கியது. நமக்குக் கிடைத்தது பனை ஓலை. அதுவும் ஒடுக்கம், நீளம், ஆனால் நாம் அதைக் கிடையாகப் பிடித்தோம். இடக் கையில் ஓலை. இடக் கைப் பெருவிரல் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுக்கும். எழுத எழுத ஓலை இடப்பக்கம் நகரும். கீறிய பிறகு கரி பூசினால்தான் எழுத்துக் கண்ணுக்குத் தெரியும். நேர்கோடு ஓலை நாரோடு ஓடிக் கிழித்துவிடும் என்பதால்தான் தமிழ் எழுத்து உருண்டது என்று சொல்வார்கள். முழு விளக்கமாக எங்களுக்கு அது படவில்லை. ட, ப, ம எல்லாம் கோட்டோடுதானே தப்பியிருக்கின்றன. ஆனால் எழுத்தாணிக்கு மேலே ஏறவும் சுழலவும் தூரிகைக்கு இல்லாத சுதந்திரம் உண்டு. 'ப' இறங்கி, நடந்து, ஏறுகிறது, ஒரே இழுப்பில். 'ழ'வின் வாலை யோசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தின் வரிசை என்பது பெரும்பாலும் எங்கே தொடங்குவது, எங்கே கை எடுக்காமல் போவது என்பதுதான். மூன்று தடி அடுக்கிய 'ப'வை நாங்கள் அழிக்கச் சொல்வது இதனால்தான். அந்தப் பிள்ளை ஒரு தரம் வைக்கவேண்டிய பென்சிலை மூன்று தரம் வைக்கிறது. புலமைப் பரிசில் வயதில் நேரம் போதவில்லை என்று அழும்.

ஓலையில் மெய்க்குப் புள்ளி வைப்பதைத் தவிர்த்தார்கள். எகர ஏகார வேறுபாடும் காட்டவில்லை. வாசிப்பவர் இடம் பார்த்து அறிந்துகொள்ளவேண்டும். பிறகு வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து ஏகாரத்தை வேறாக்கினார். 1978இல் தமிழ்நாட்டில் நடந்த எழுத்துச் சீர்திருத்தம் நமது பாடநூல்களுக்கும் வந்தது. தும்பிக்கை வைத்த பழைய 'லை', 'னை' இன்னும் நம் ஊர் அப்பப்பாமாரின் கடிதங்களில் இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. கொம்பிலும் ஒரு வேடிக்கை: 'கெ' என்று சொல்லும்போது ககரம் முந்தி, எகரம் பிந்தி. எழுதும்போது கொம்பு முந்தி. போனில் தட்டினால் மறுபடியும் ககரம் முந்தி, கொம்பு தானாக முன்னால் தாவும். போனில் மட்டும் பழகிய பிள்ளை கொப்பியில் ககரத்தை எழுதிவிட்டு, கொம்புக்கு இடமில்லாமல் நெருக்கி ஒட்டுவதை நாங்கள் இப்போது வகுப்பில் காண்கிறோம்.

பழைய திண்ணைப் பள்ளியில் முதற் கொப்பி மணல்தான். விரலால் எழுதி, வாயால் சொல்லி, கையால் அழித்து, திரும்ப எழுதுவது. சட்டம்பியார் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பார், உருவத்தோடு வழியும் விரலுக்குள் இறங்கும். மதராசில் அநாதைப் பிள்ளைகளின் பாடசாலையை நடத்திய அன்ட்ரூ பெல், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளியில் புகுத்தி, 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். இங்கிலாந்துப் பிள்ளைகளும் மணல் தட்டில் எழுதினார்கள். 1816இல் டானியல் புவர் தெல்லிப்பழைக்கு வந்து, இன்று யூனியன் கல்லூரியாக நிற்கிற பாடசாலைக்கு அடி போட்டார். 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை மகாஜனாவைத் தொடங்கினார். அச்சுப் புத்தகமும் சிலேட்டும் வந்தன, ஓலை பெட்டிக்குள் போனது. ஏடு தொடக்கலன்று அரிசியில் விரல் பிடித்து எழுதுவது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை வெறும் சடங்கென்று யாராவது சொன்னால், ஆசிரியர்களாக நாங்கள் மறுப்போம். கோட்டு வரிசைப் பாடத்தின் முதல் நாள் அதுதான்.

எங்கள் பக்கத்தில் அது ஓதப் பள்ளியில் நடந்தது. மரப்பலகையில் லெப்பை எழுதித் தருவார். ஓதி முடிந்ததும் கழுவிக் காயவைத்தால் மறுநாளைக்குப் புதுப் பலகை. அரபிக்கும் வரிசை உண்டு. வலமிருந்து இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது இது: ஒரு சொல்லின் உடலை முழுவதும் எழுதி முடித்த பிறகுதான் புள்ளிகள், அதற்கும் பிறகு உயிர்க்குறிகள். தனி அலிஃப் மேலிருந்து கீழ் இறங்கும். முந்திய எழுத்தோடு சேர்ந்த அலிஃப் கீழிருந்து மேலேறும். எழுத்துக்கு எழுத்து நின்று புள்ளி வைக்கிற பிள்ளைக்குச் சொல் துண்டு துண்டாகிவிடும்.

நம் முன்னோர் இந்த எழுத்தில் தமிழை எழுதினார்கள். அரபுத்தமிழ் என்பது அதுதான். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புது எழுத்துச் செய்தார்கள். சீன முஸ்லிம்களும் இதையே செய்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லமுடியாது. சீன எழுத்து ஆயிரக்கணக்கில் படிக்க வசதியில்லாத மத்ரஸா மாணவர்கள், தாம் பேசுகிற சீனத்தை அரபு எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு 'சியாவோர்ஜிங்' என்று பெயர். மறுபக்கம், அவர்களுடைய எழுத்துக்கலைஞர்கள் நாணல் பேனைக்குப் பதிலாகத் தூரிகையால் அரபியை எழுதினார்கள். அந்த அரபி கொழுத்துத் தொடங்கி வாலாய் மெலியும், பார்த்தவுடனே சீனக் கை என்று தெரியும். காலிக்குக் கல் கொண்டுவந்த செங் ஹெயும் அந்தச் சமூகத்துப் பிள்ளைதான். யுன்னான் மாகாணத்தில் பிறந்தவர், தகப்பனும் பாட்டனும் ஹாஜிமார்.

இதையெல்லாம் தெல்லிப்பழையில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்குச் சனம் வீடு வாசலை விட்டு ஓடியது. அதே வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். நீங்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும், நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலும் எழுதப் பழகினோம். புத்தளத்தில் மணலுக்குக் குறைவில்லை, கொப்பிக்குத்தான் குறைவு. ஒரு கொட்டகையில் மூன்று வகுப்பு இருக்கும்போது எந்த ஆசிரியராலும் ஒவ்வொரு பிள்ளையின் விரலையும் பிடிக்கமுடியாது. கரும்பலகையில் முடிந்த எழுத்தைப் பார்த்து, முடிந்த எழுத்தைக் கீறினோம். அந்த வயதுக்காரர் பலருடைய கையெழுத்தில் எழுத்து இருக்கும், வழி இருக்காது. அவர்கள்தான் இன்றைக்குப் பெற்றோர். பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுப்பவர்களும் அவர்கள்தான்.

ஆகவே இந்தத் தவணை தரம் ஒன்றில் நாங்கள் கொஞ்சம் மாற்றிச் செய்கிறோம். முதல் வாரம் பென்சில் இல்லை. தட்டில் மணல், காற்றில் விரல், சத்தமாகச் சொல்லல். சீன ஆசிரியர்களைப் போல நாங்களும் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: இறங்கு, நட, ஏறு, சுழி, வால். 'ப' என்றால் "இறங்கு, நட, ஏறு". பிள்ளைகள் பாட்டாகவே சொல்கிறார்கள். வீட்டில் கேட்டால் ஏசாதீர்கள். கொப்பியைத் திருத்தும்போது பிள்ளை எழுதுவதையும் ஒரு தரம் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதத் தெரிந்த பெரியவர்கள், அல்லது தகப்பன் எழுதியதைச் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள், தெல்லிப்பழை, மல்லாகம், அளவெட்டிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அரபுத்தமிழ் எழுதிய கை சோனகத் தெருவில் யாருக்கும் ஞாபகம் இருந்தால் அதுவும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்கு முன், பாடசாலைக்கு வந்து பிள்ளைகளின் முன்னால் நான்கு எழுத்து எழுதிக் காட்டினால் போதும். ஓலையை நாங்கள் வார்ந்து வைக்கிறோம்.